சட்டைப் பையோடு துவைபட்ட இயர்போன்: பழைய ஒலி திரும்புமா? உதவி தேவை

மாடிவீடு: அனைவருக்கும் வணக்கம். சட்டைப் பையில் இருந்ததைக் கவனிக்காமல் என் இயர்போனை நேற்று வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன். முழுச் சுற்றும் ஓடி முடிந்து, சட்டையை உதறிக் கொடியில் போடும்போதுதான் அது தரையில் விழுந்தது. துடைத்து வைத்து இன்று கேட்டுப் பார்த்தேன்; பாடுகிறது, ஆனால் முன்போல் இல்லை. நாளை இரவு ரயில் ஏற வேண்டும் என்பதால் விரைவில் வழி சொல்லுங்கள்.

கீழவாசல்: கம்பி உள்ளதா, புளூடூத்தா? "முன்போல் இல்லை" என்பது ஒலி குறைந்ததா, கரகரப்பா, இரு காதிலுமா?

அன்னபூரணி: அரிசி டப்பாவில் புதைத்து இரண்டு நாள் விட்டுவிடுங்கள். என் மகனுடையது அப்படித்தான் பிழைத்தது.

செவிநுட்பம்: இந்தக் கேள்விக்கு நானே பலமுறை விடை எழுதியிருக்கிறேன், பழைய இழைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். எந்த வகை என்றுகூடச் சொல்லாமல் மருந்து கேட்பது முறையன்று. புளூடூத் என்றால் முதலில் சார்ஜ் செய்வதை நிறுத்துங்கள். ஈரம் புகுந்த லித்தியம் பேட்டரிக்கு மின்சாரம் கொடுப்பது ஆபத்து.

தறிக்காரர்: என்னுடையது ஐபிஎக்ஸ்7 என்ற நீர்த்தடுப்புத் தரம். இதுபோன்ற துவையலையெல்லாம் தாங்கும். அடுத்த முறை அதைப் பார்த்து வாங்குங்கள்.

செவிநுட்பம்: தவறான நம்பிக்கை. அந்தத் தரம் சொல்வது நல்ல தண்ணீரில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் அசையாமல் இருப்பதைத்தான். சோப்பு நீருக்கும் டிரம்மின் சுழற்சிக்கும் அது உறுதி அளிக்கவில்லை.

தறிக்காரர்: இரண்டு முறை துவைத்தும் என்னுடையது பாடுகிறதே, ஐயா. அனுபவத்தைத்தான் சொன்னேன்.

செவிநுட்பம்: ஒன்று தப்பியதை வைத்து எல்லாம் தப்பும் என்று சொல்லக் கூடாது.

மாடிவீடு: மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். கம்பி உள்ளதுதான், 3.5 மி.மீ. முனை. வலப்புறம் சரியாக இருக்கிறது. இடப்புறம் பாதி ஒலிதான் வருகிறது. சில சமயம் பாட்டு தானாக நின்றுவிடுகிறது.

கீழவாசல்: இப்போது விளங்குகிறது. முதலில் இடக்குமிழை வலக்காதிலும் வலக்குமிழை இடக்காதிலும் மாற்றி வைத்துக் கேளுங்கள். குறைவு குமிழோடு நகர்ந்தால் பழுது அதில்தான் இருக்கிறது, உங்கள் காதில் இல்லை. குளித்தபின் காதில் தங்கிய நீரைக் கருவியின் கோளாறாக எண்ணி நானே ஒருநாள் முழுக்கத் தவித்திருக்கிறேன். பாட்டு தானாக நிற்பதற்குக் காரணம் மைக் பொத்தானுக்குள் இருக்கும் ஈரமாக இருக்கலாம். பொத்தான் அழுத்தப்பட்டதாகப் போன் எண்ணிக்கொள்கிறது.

அடுத்து, ரப்பர் முனையைக் கழற்றி, வாய்ப்பகுதியில் உள்ள வலையை வெளிச்சத்தில் பாருங்கள். அந்த நுண்துளைகளில் நீர் ஒரு படலமாக நின்றுவிட்டால் காற்று போக வழியில்லாமல் ஒலி அடைபடும்; நீர் வற்றியபின்னும் சோப்பு வெள்ளையாகப் படிந்து அதே அடைப்பைச் செய்யும். வாயால் ஊதாதீர்கள், நீர் உள்ளேதான் போகும். வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, மெல்லிய காகிதத்தை ஒற்றி எடுங்கள். படிவு தெரிந்தால் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மிகச் சிறிதளவே தொட்டு வலையின் மேல் மட்டும் துடையுங்கள். அதிகமானால் உள்ளிருக்கும் பசை இளகக்கூடும். ஹேர் டிரையரின் சூடும் அதே கேட்டைச் செய்யும்.

அரிசி வேண்டாம், அம்மா. மருந்துப் பெட்டியிலும் காலணிப் பெட்டியிலும் வரும் சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் வைப்பது மேல். அரிசியின் மாவுத்தூள் அந்த வலையிலேயே போய் ஒட்டும்.

அன்னபூரணி: துணியில் முடிந்து வைத்தால் தூள் எப்படி ஒட்டும், தம்பி? வீட்டில் உடனே கைக்குக் கிடைப்பது அரிசிதானே.

கீழவாசல்: துணியில் முடிந்தால் கெடுதல் குறைவுதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெறும் காற்றோட்டத்தில் மின்விசிறியின் கீழ் தொங்கவிடுவதைவிட அரிசி அதிகமாக எதையும் செய்துவிடாது.

நாதலயம்: ஒலி திரும்பியபின் அளவை மட்டும் பார்த்து நிறைவடைந்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள், காந்தத்தைச் சுற்றிய மிகக் குறுகிய இடைவெளியில் அசைகிறது. அங்கே துருவோ படிவோ சேர்ந்தால் உரசும். அது முதலில் தாழ்ந்த ஒலியில்தான் வெளிப்படும். உங்களுக்குப் பழக்கமான கச்சேரிப் பதிவு ஒன்றில் மிருதங்கத் தனியாவர்த்தனத்தை எடுத்து, தொப்பியில், அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கத்தில், கும்கி என்னும் வளைந்தெழும் நாதம் விழும் இடங்களை ஒவ்வொரு காதாகக் கேளுங்கள். காகிதம் அதிர்வதுபோல் ஒரு ஓசை கூட வந்தால் சவ்வுப் பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது.

செவிநுட்பம்: 20 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏறும் ஒற்றைச் சுருதிப் பதிவே முறையான சோதனை. பாட்டை வைத்து முடிவு செய்ய முடியாது.

நாதலயம்: தினமும் கேட்கும் பதிவில் எங்கே என்ன வர வேண்டும் என்பது காதுக்கு மனப்பாடம். இரண்டையும் செய்யட்டும்.

மாடிவீடு: ரயிலில் இருந்து எழுதுகிறேன். வலையில் வெள்ளைப் படிவு இருந்தது, துடைத்தேன்; இடப்புற ஒலி திரும்பிவிட்டது, பாட்டும் நிற்கவில்லை. ஆனால் கும்கியில் மட்டும் அந்தக் காகித ஓசை கேட்கிறது. அனைவருக்கும் நன்றி.