கலைச்சொல் தேவை: கட்சிப் பெயர் இல்லாத மேயர் தேர்தல் (நாளை மாலைக்குள்!)

செ.: வணக்கம். சிகாகோ மேயர் தேர்தல் பற்றி ஒரு பாடம் மொழிபெயர்க்கிறேன். 1999 முதல் அந்தத் தேர்தலின் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் மட்டுமே இருக்கும், கட்சி இராது. 'கட்சி சார்பற்ற தேர்தல்' சரிதானே?

இரா.மு.: தமிழகத்தில் ஊராட்சித் தலைவர் தேர்தலை அப்படித்தானே சொல்கிறோம். இன்னும் சுருக்கலாம்: கட்சி சாராத் தேர்தல். 'சாராத' என்பதன் கடைசி 'த' போனால் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதன்பின் வல்லினம் மிகும். 'த்' முக்கியம்.

கௌ.: பொருள் இடிக்கிறது. 2023 பிப்ரவரியில் 9 பேர் நின்றார்கள். பதவியில் இருந்த லோரி லைட்ஃபுட்டுக்கே மூன்றாம் இடம்தான். பாதிக்கு மேல் யாருக்கும் வராததால் ஏப்ரலில் பிராண்டன் ஜான்சனும் பால் வாலஸும் மோதினார்கள். இருவரும் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். 'வாலஸ் உள்ளுக்குள் குடியரசுக் கட்சி' என்பதே ஜான்சன் தரப்பின் பெரிய பிரசாரம். இதில் எங்கே 'சாரா'? கட்சி ஆளிடம் இருக்கிறது, சீட்டில்தான் இல்லை. 'கட்சி காட்டாத் தேர்தல்' என்பேன்.

பு.: முதலில் 'கட்சி' தமிழா? வடமொழி கக்ஷி. 'அணி' போடுங்கள்.

இரா.மு.: புறநானூறு 202 பாருங்கள், 'கட்சி காணாக் கடமா நல்லேறு'. கடமா ஒரு காட்டு விலங்கு, கட்சி என்றால் அது ஒதுங்கும் புகலிடம். ஒதுங்கும் இடம், பிறகு ஒதுங்கிய கூட்டம்.

பு.: காட்டிலிருந்து கட்சி அலுவலகம் வரை ஒரே பாய்ச்சலா ஐயா? நடுவில் வக்கீலின் கட்சிக்காரர் நிற்கிறாரே, அவரும் கடமாவா?

கௌ.: அப்படியானால் 'கட்சி காணாத் தேர்தல்' இன்னும் பொருத்தம்!

செ.: கடமாவை விடுங்கள். முதல் சுற்றில் முந்திய இருவருக்குள் மறுபடி நடப்பதற்கு என்ன சொல்? 'மறுதேர்தல்'?

கௌ.: வேண்டாம், பழைய தேர்தல் ரத்தானதுபோல் இருக்கிறது. 'இரண்டாம் சுற்று' போதும்.

பு.: பேசாமல் குடவோலை...

இரா.மு.: உத்திரமேரூரில் நடந்தது குலுக்கல். யாரும் அங்கே பாதிக்கு மேல் வாங்க வேண்டியிருக்கவில்லை.

செ.: பொறுக்க முடியவில்லை, அனுப்பிவிட்டேன். 'கட்சி சாராத் தேர்தல்', 'இரண்டாம் சுற்று'. முதலில் வருமிடத்தில் 'வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இராது' என்று ஒரு வரி சேர்த்தேன்.

கௌ.: அந்த ஒரு வரி தேவைப்பட்டதே, சொல் சரியில்லை என்பதற்கு அதுதான் சான்று. என் மறுப்பு அப்படியே இருக்கட்டும்.

இரா.மு.: 'த்' போட்டீர்களா?