ரேடியோதெரபி படிக்கவா, மலை வேலைக்குப் போகவா? குலசேகரத்திலிருந்து ஒரு கேள்வி

குலசேகரம் பையன்:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு வேலை. நான் உயிரியல் பிரிவில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன்.

போன வருடம் பாட்டிக்கு வாயில் புற்றுநோய். நினைவு தெரிந்த நாளிலிருந்து வெற்றிலையும் புகையிலையும் போட்டவள். திருவனந்தபுரத்தில் 33 நாள் கரண்ட் வைத்தார்கள், அதாவது ரேடியோதெரபி என்கிற கதிர்வீச்சு சிகிச்சை. கூடவே இருந்தது நான்தான். அங்கே மெஷினில் இருந்த அண்ணன் ஒருநாள்கூட பாட்டியிடம் அவசரப்பட்டதில்லை. தலை அசையாமல் பிடித்துவைக்கும் முகமூடியை மாட்டுவதற்கு முன்னால் அவள் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொள்வார். அதைப் பார்த்ததிலிருந்து இந்தப் படிப்பின்மேல் ஆசை.

இன்னொரு பக்கம் மலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் மருந்துவாழ்மலை, இல்லாவிட்டால் காளிகேசம். இரண்டு கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளின் முகாமில் உதவிக்குப் போனேன். கனடாவில் லேக்ஹெட் பல்கலைக்கழகத்தில் இதையே பட்டப்படிப்பாக வைத்திருக்கிறார்களாம். அந்தப் பணத்துக்கு நாங்கள் எங்கே போவது?

அம்மாவுக்கு வேறு பயம்: கதிர்வீச்சில் வேலை பார்த்தால் குழந்தை பிறக்காது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சித்தி மகன் ஒரு இன்ஸ்டிடியூட்டில் ஒரு வருட 'ரேடியாலஜி' டிப்ளமோ படித்து, எந்த ஆஸ்பத்திரியிலும் எடுக்காமல் இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். அதுவும் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

தக்கலைக்காரி:

தம்பி, நான் ஒன்பது வருடமாக லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற கதிர்வீச்சு சிகிச்சை மெஷினில் வேலை பார்க்கிறேன். முதலில் அம்மாவுக்குப் பதில். எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் இந்த வேலைக்கு வந்த பிறகு பிறந்தவை. மாசமாக இருப்பது தெரிந்த அன்றே எழுதிக் கொடுத்தேன், வேலையை மாற்றிக் கொடுத்தார்கள். லீனியர் ஆக்சிலரேட்டர் நாம் ஆன் செய்யும்போது மட்டும்தான் கதிரைத் தரும். அந்த நேரத்தில் நோயாளி மட்டுமே உள்ளே இருப்பார். ஒரு ஆள் நீளத்துக்குத் தடிமனான கான்கிரீட் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேமராவில் பார்த்துக்கொண்டிருப்போம். கோபால்ட் மெஷின் மட்டும் வேறு மாதிரி. அதற்குள் இருக்கும் கதிரியக்கப் பொருள் எப்போதும் கதிரை விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் கவசத்துக்குள் வைத்திருப்பார்கள். எங்கள்மேல் பட்ட கதிரின் அளவைப் பதிய நெஞ்சில் குத்தியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிக் கணக்குப் பார்ப்பார்கள். ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 30க்கு மேல் போகக்கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. என் பேட்ஜில் அதன் பக்கத்தில்கூட வந்ததில்லை.

உன் சித்தி மகனுக்கு நடந்தது நிறையப் பேருக்கு நடக்கிறது, எனக்கு வயிறு எரிகிறது. எக்ஸ்ரே, சி.டி. எடுக்கும் படிப்பு வேறு, சிகிச்சை கொடுக்கும் படிப்பு வேறு. பி.எஸ்சி. ரேடியோதெரபி டெக்னாலஜி என்று பெயர் தெளிவாக இருக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் இருக்கிறது, புதுச்சேரி ஜிப்மரில் இருக்கிறது. எந்தக் கல்லூரியானாலும் பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேள். எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம்? கல்லூரிக்குச் சொந்தமாக சிகிச்சை மெஷின் ஓடுகிறதா? இங்கே படித்தவர்கள் அணுசக்தி வாரியத்தின் ஈலோரா தளத்தில் பதிவாகி வேலை பார்க்கிறார்களா? மழுப்பினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு.

அந்த அண்ணன் செய்தது அன்பு மட்டும் இல்லை தம்பி, வேலையே அதுதான். பாட்டியின் முகமூடியைப் பார்த்திருப்பாய், வலை மாதிரி வெள்ளையாக இருக்கும். முதலில் அது தட்டையான பலகை. 70 டிகிரி பக்கம் சுடும் தண்ணீரில் போட்டால் ஊறின அப்பளம்போலத் துவளும். முகத்தில் இழுத்துப் படியவைத்து மூக்கோரம், தாடையோரம் விரலால் அழுத்திக்கொடுப்போம், சில நிமிடத்தில் இறுகிவிடும். தலை ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கதிர் வேறு இடத்தில் விழும். மூன்றாவது வாரம் வாய் புண்ணாகிச் சாப்பாடு இறங்காது. ஆள் மெலிவார், முகமூடி தொளதொள என்று ஆகும். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பார், நாம் தினமும் பார்க்கிறோம். "பாட்டி, கஞ்சி இறங்குதா?" என்று கேட்டு, தளர்ந்த முகமூடியைக் கண்டுபிடித்து அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டியவர் நாம்தான். கையைப் பிடிக்கிறவனுக்குத்தான் அது கண்ணில் படும்.

காளிகேசம் நடையன்:

மலை வேலையை யாரும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட வேண்டாம், எனக்கு அதில்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் இங்கே பட்டத்தைவிடப் பயிற்சிச் சான்றுக்குத்தான் மதிப்பு. உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி 28 நாள். அதில் 'ஏ' கிரேடு வாங்கினால்தான் அடுத்த நிலைக்கு விடுவார்கள், ஓடிப் பழகிவிட்டுப் போ. தண்ணீர் பிடிக்குமென்றால் கோவாவில் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் உயிர்காப்புப் பயிற்சி தருகிறது. காட்டில் முதலுதவி செய்யத் தெரியாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதே. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் அத்தனை பேர் உயிர் போனதை நான் மறக்கவே இல்லை. வனத்துறை அனுமதி இல்லாத நடைக்கு யார் கூப்பிட்டாலும் போகாதே. 2024இல் தமிழ்நாடு அரசே 40 பாதைகளைத் திறந்தது, நம் காளிகேசம்–பாலமோர் அதில் ஒன்று. வழிகாட்டிகள் அந்தந்த ஊர்க்காரர்கள். அங்கே போய்க் கேட்டுப் பார். பட்டம் முடித்துவிட்டு வந்தாலும் உத்தரகாசிக்கு வயது தாண்டிவிடாது.

நெய்யூர் வாத்தியார்:

மக்களே, உன் கேள்வியைப் படித்ததும் எனக்கு சோமர்வெல் டாக்டர் நினைவுதான் வந்தது. 1922இல் எவரெஸ்ட் பயணம் முடித்து ஊர் சுற்றிப்பார்க்க வந்தவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்து, லண்டன் வேலையை விட்டுவிட்டு இங்கேயே சர்ஜனாக வந்துவிட்டார். 1924இல் மறுபடியும் எவரெஸ்ட் போய், ஆக்சிஜன் இல்லாமல் ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறினார். திரும்பி வந்து பல வருடம் நம் ஜனங்களுக்கு வயிற்று ஆபரேஷன் செய்தார். அதே ஆஸ்பத்திரியில் இருந்த ஐ. எம். ஓர் என்ற மருத்துவர்தான் 1933இல் திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப் புற்றுநோயைப் பற்றி லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். உன் பாட்டிக்கு வந்த அதே நோய். மலையையும் நோயாளியையும் ஒரே ஆள் பார்த்த ஊர் இது.

குலசேகரம் பையன்:

அக்கா, அம்மாவுக்கு உங்கள் பதிலை வாசித்துக் காட்டினேன். இரண்டு பிள்ளைகள் என்ற இடத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். சித்தி மகனையும் கூட்டிக்கொண்டு போய் அந்த மூன்று கேள்வியையும் கேட்கப் போகிறேன், ஏமாந்தவனுக்கு மழுப்பல் சீக்கிரம் பிடிபடும். வாத்தியார் சார், நெய்யூர் வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன், இது தெரியாது.

பாட்டி இப்போது கஞ்சியைத் தாண்டி மரச்சீனிக் கிழங்கு மசித்துச் சாப்பிடுகிறாள். அவள் முகமூடியைக் கடைசி நாளில் அந்த அண்ணன் எங்களிடமே கொடுத்துவிட்டார். அலமாரிக்கு மேலே இருக்கிறது, நெற்றிப் பக்கத்தில் பாட்டி பெயர் ஒட்டியபடி.