கறுப்பினப் பையனுக்கு என்னைப் போன்ற ஆள் மென்ட்டராக இருக்கலாமா?

கேட்டவர்: வாசல்கோலம்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்டனுக்கு மேற்கே ஒரு புறநகரில் ஒன்பது வருஷமாக இருக்கிறோம். பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள் இருக்கும் ஊர், அங்கங்கே நம் ஆட்களும் சீனர்களும். இங்கே மெட்கோ என்று ஒரு திட்டம் இருப்பது இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். ராக்ஸ்பரி, டார்செஸ்டர், மாட்டபன் மாதிரி பாஸ்டன் நகரப் பகுதிகளில் இருந்து கறுப்பினப் பிள்ளைகளும் லத்தீன் பிள்ளைகளும் விடிவதற்குள் பஸ் ஏறி எங்கள் மாதிரி ஊர்ப் பள்ளிகளுக்கு வந்து படிக்கிறார்கள். 1966-இல் 220 பிள்ளைகள், ஏழு ஊர்கள் என்று ஆரம்பித்தது, இன்றும் நடக்கிறது.

போன மாதம் பள்ளியில் இருந்து கடிதம் வந்தது. இந்தப் பிள்ளைகளோடு வாரம் ஒரு முறை உட்கார்ந்து பேசவும் படிப்பில் கைகொடுக்கவும் மென்ட்டர்கள் தேவை, விருப்பமுள்ள பெற்றோர் பேர் கொடுக்கலாம் என்று. கொடுத்தேன். ஏழாவது படிக்கும் ஒரு பையனை என்னோடு சேர்த்தார்கள். முதல் புதன்கிழமை, மாலை மூன்று மணி, நூலகம். வந்தான். தோளில் மாட்டிய பையைக் கழற்றாமலே நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். நான் என்ன கேட்டாலும் "குட்", "ஃபைன்". இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் அவனாகக் கேட்டது ஒரே கேள்வி, "நீங்கள் இங்கே டீச்சரா?" இல்லை, என் மகள் இங்கே எட்டாவது படிக்கிறாள் என்றேன். "ஓ" என்றான், அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி மகளிடம் கேட்டேன், கிண்டர்கார்டனில் இருந்து இதுவரை உனக்கு வெள்ளைக்காரர் இல்லாத டீச்சர் எத்தனை பேர் வந்தார்கள் என்று. விரல் விட்டு எண்ணினாள். பிரசவ விடுப்பில் போன டீச்சருக்குப் பதிலாக ஆறு வாரம் வந்த ஒருவர். ஒரு விரலோடு நின்றுவிட்டது. ஒன்பது வருஷம் நானும் இதை யோசித்ததே இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கல்யாண விளம்பரத்தில் "நல்ல சிவப்பு" என்று போடுகிற, டார்செஸ்டர் பக்கம் கார் போனால் கதவைப் பூட்டு என்று சொல்கிற உறவுகளுக்கு நடுவில் இருப்பவள் நான். நான் போய் அந்தப் பையனுக்கு யாராக இருக்க முடியும்? அவனைப் போலவே இருக்கிற ஒருவருக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் சரியா? இப்படிப் போய் உட்கார்ந்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


மறுமொழி: சாக்பீஸ்

தோழி, பேர் கொடுத்ததற்கு நன்றி, கடைசிப் பத்தியை மறைக்காமல் எழுதியதற்கு அதைவிட நன்றி.

நான் ஜார்ஜியாவில் பதினான்கு வருஷமாக உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். "நீங்கள் டீச்சரா" என்று அவன் கேட்டது வெறும் பேச்சுக்கு இல்லை. மார்க் போடுகிற, அனுமதிச் சீட்டு எழுதித் தருகிற, அப்பாவுக்கு போன் பண்ணுகிற இடத்தில் வெள்ளை அல்லாத ஒரு முகமாவது இந்தக் கட்டடத்தில் உண்டா என்று பார்த்திருக்கிறான். இது சும்மா மனசுக்கு ஆறுதலான விஷயம் என்று நினைக்காதீர்கள். டென்னஸ்ஸி மாநிலத்தில் 1980-களில் வகுப்பு அளவு பற்றி ஒரு பெரிய சோதனை நடந்தது, அதில் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் குலுக்கல் முறையில்தான் சேர்த்தார்கள். பின்னால் பொருளாதார ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து என்ன ஆனார்கள் என்று பார்த்தபோது, கிண்டர்கார்டனில் இருந்து மூன்றாவது முடிவதற்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த கறுப்பினப் பிள்ளைகள், அப்படிப் படிக்காத அதே பள்ளிக் கறுப்பினப் பிள்ளைகளைவிட 13% அதிகமாக உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்தார்கள், 19% அதிகமாகக் கல்லூரியில் சேர்ந்திருந்தார்கள். ஒரே ஒரு ஆசிரியர், ஒரே ஒரு வருஷம்!

அப்படியானால் ஏன் அந்த ஆசிரியர்கள் இல்லை? இதை நம் ஆட்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1954-இல் நிறப் பிரிவினைப் பள்ளிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதும், தென் மாநிலங்களில் கறுப்பினப் பள்ளிகளை மூடினார்கள். பிள்ளைகளை வெள்ளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய ஆசிரியர்களை அனுப்பவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் 38,000-க்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஒருங்கிணைப்பு என்று நாம் கொண்டாடுகிற விஷயத்தில் பிள்ளைகள் மட்டும் தனியாக உள்ளே போனார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசையும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பள்ளிக்குள் ஆள் இல்லாதபோது வெளியே இருந்து ஒருவர் தாங்க முடியுமா? முடியும். 1957-இல் லிட்டில் ராக் நகரத்தில் சுமார் 2,000 வெள்ளைப் பிள்ளைகள் படித்த சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்கு ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் போனார்களே, அவர்களுக்கு டெய்ஸி பேட்ஸ் என்ற பெண்மணியின் வீடுதான் கூடுமிடம். அவர் டீச்சர் இல்லை, கணவரோடு பத்திரிகை நடத்தியவர். காலையில் அங்கே கூடிப் போவார்கள், சாயங்காலம் அங்கே வந்து அன்று யார் தள்ளினார்கள், யார் துப்பினார்கள் என்று சொல்லி ஆறுவார்கள். அந்த வீட்டு ஜன்னலில் கல் விழுந்தது, விளம்பரம் கொடுப்பதை நிறுத்தி 1959-இல் பத்திரிகையையே மூட வைத்தார்கள். முதல் நாள் எலிசபெத் எக்ஃபர்ட் என்ற பெண் கூட்டத்துக்கு நடுவே தனியாக நடந்து வந்த புகைப்படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் சேர்ந்து போகலாம் என்று முந்தின ராத்திரி பேட்ஸ் ஏற்பாடு செய்தார், எலிசபெத் வீட்டில் போன் இல்லாததால் அவளுக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை. ஒரு பிள்ளைக்குத் தகவல் போய்ச் சேருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நான் இதைத்தான் எப்போதும் சொல்வேன்.

ஒதுங்காதீர்கள். போங்கள்.


மறுமொழி: கொய்யாமரம்

அக்கா, நான் பதினொரு வயதில் பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊருக்கு வந்தவன். வகுப்பில் நான் ஒருத்தன்தான் மாநிறம், இன்னொரு பையன் கறுப்பினம். இந்தியா பற்றிப் பாடம் வந்தால் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும், அடிமை முறைப் பாடம் வந்தால் அவன் பக்கம். பேசாமல் இருந்தாலும் தப்பு, பேசினாலும் ஊருக்கே பிரதிநிதி ஆகிவிடுவோம். அதனால் முதல் வேண்டுகோள்: நிறத்தைப் பற்றி அவன் வாயைக் கிளறாதீர்கள். அவனாக எடுத்தால் காது கொடுங்கள், "அப்படி இருக்காது, நீ தப்பாகப் புரிந்துகொண்டிருப்பாய்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்கு அப்படிச் சொன்ன பெரியவர்களிடம் நான் அப்புறம் எதையுமே சொன்னதில்லை.

இரண்டாவது, "நாங்களும் கையில் ஒன்றுமில்லாமல் வந்துதான் முன்னேறினோம்" என்ற கதை வேண்டவே வேண்டாம். நம்மில் நிறையப் பேர் பட்டத்தோடும் விசாவோடும் வந்தோம். நமக்குக் கதவைத் திறந்த 1965 குடியேற்றச் சட்டம்கூட அவர்கள் தெருவில் அடிபட்டு நடத்திய உரிமைப் போராட்டம் உண்டாக்கிய சூழலில் வந்ததுதான். அந்தப் பையனின் தாத்தா பாட்டிக்கு நாம் கடன்பட்டவர்கள், இதை மனசில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். இந்த மாதிரிப் பள்ளிகளில் எழுதி வைக்காத விதிகள் ஏராளம். மாசசூசெட்ஸில் 2007 முதல் 2015 வரை கவர்னராக இருந்த டெவால் பேட்ரிக், அந்த மாநிலத்தின் முதல் கறுப்பின கவர்னர், அவர் சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஏழ்மையில் வளர்ந்தவர். எ பெட்டர் சான்ஸ் என்ற அமைப்பின் உதவித்தொகையில் பதினான்கு வயதில் மில்டன் அகாடமி என்ற பணக்காரப் பள்ளிக்குப் போனார். வகுப்புக்கு ஜாக்கெட் போட்டு வர வேண்டும் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் கஷ்டப்பட்டு ஒரு புது ஜாக்கெட் வாங்கிக் கொடுத்தார்கள், காற்றுக்குப் போடுகிற மெல்லிய விண்ட்சீட்டர். முதல் நாள் பார்த்தால் மற்ற பையன்கள் எல்லோரும் கோட்டு! இதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஜாக்கெட் என்றால் அங்கே கோட்டு என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே. மென்ட்டர் வேலையில் பாதி அதுதான். எந்தக் கணக்கு வகுப்பில் சேர்ந்தால் பின்னால் கால்குலஸ் வரை போகலாம், டீச்சருக்கு மெயில் எழுதி மறுபடி தேர்வு எழுத முடியுமா, எந்த கிளப்புக்கு எப்போது பேர் கொடுக்க வேண்டும், இதெல்லாம் ஊர்க்காரப் பெற்றோர்களுக்குள் வாட்ஸப்பில் ஓடும். அந்தப் பையனின் அம்மா அந்தக் குழுவில் இருக்க மாட்டார். நீங்கள் இருப்பீர்கள். அங்கே இருந்து எடுத்து இங்கே கொடுங்கள், அதற்கு நிறம் தடையில்லை.


மறுமொழி: திண்ணை_68

எல்லோரும் போங்கள் போங்கள் என்கிறீர்கள், எனக்கு ஒரு மாற்றுக் கருத்து இருக்கிறது. தங்கச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பெற்றோரை மென்ட்டராக அழைப்பது பள்ளிக்கு ரொம்ப வசதி. சம்பளம் இல்லை, பொறுப்பு இல்லை, "நாங்கள் செய்கிறோம்" என்று ஆண்டறிக்கையில் போட்டுக்கொள்ளலாம். ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் ஒன்றும் மாறாது. நாடு முழுக்க அரசுப் பள்ளி மாணவர்களில் பாதிக்கும் மேல் வெள்ளையர் அல்லாதவர்கள், ஆசிரியர்களில் பத்துக்கு எட்டுப் பேர் வெள்ளையர்கள். இதை வாரம் அரை மணி நேர நூலகப் பேச்சு சரி செய்யாது.

ஒரு கறுப்பின ஆசிரியரை எடுத்துவிட்டால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. ஒருவரை மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான், ஒரு பள்ளியில் அலுவலக வேலை பார்த்தேன். எந்த வகுப்பில் கறுப்பினப் பையன் சத்தம் போட்டாலும் அவருடைய அறைக்குத்தான் அனுப்புவார்கள். கறுப்பின வரலாற்று மாத விழா அவர் தலையில். கோபமாக வரும் பெற்றோரிடம் பேச அவர். மத்தியான சாப்பாட்டை அவர் முழுசாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை, டப்பாவைத் திறப்பார், கதவைத் தட்டுவார்கள், மூடுவார். மூன்றாவது வருஷம் போய்விட்டார். ஒபாமா காலத்தில் கல்வி அமைச்சராக இருந்த ஜான் கிங், அவரே கறுப்பினத்தவர், 2016-இல் இதைக் கண்ணுக்குத் தெரியாத வரி (டாக்ஸ்) என்று எழுதினார். சரியான பேர்.

ஆகவே தங்கச்சி, போவதென்றால் போங்கள், ஆனால் பள்ளிக் கமிட்டிக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் தருவார்கள் இல்லையா, அங்கே எழுந்து, உங்கள் மகள் எண்ணிய அந்த ஒரு விரல் கணக்கைச் சொல்லுங்கள். நாம் வரி கட்டுகிறோம், ஓட்டு இருப்பவர்கள் ஓட்டுப் போடுகிறோம், ஆனால் நம் ஆட்கள் அந்த மைக் முன்னால் நிற்பது கணக்கு வகுப்பில் மேல்நிலைப் பிரிவை எடுத்துவிடுவார்களோ என்ற பயம் வரும்போது மட்டும்தான். அது எனக்கு வருத்தம்.


மறுமொழி: சாக்பீஸ்

அண்ணா, நீங்கள் சொல்வதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன், கடைசி வரி உட்பட. ஆனால் கமிட்டி முடிவெடுத்து, விளம்பரம் போட்டு, ஆள் வந்து சேர்வதற்குள் இந்தப் பையன் பன்னிரண்டாவது முடித்துவிடுவான். இரண்டும் வேண்டும்.

நிறம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். நியூ ஆர்லியன்ஸில் 1960 நவம்பர் 14 அன்று ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ் வெள்ளைப் பள்ளிக்குள் நுழைந்தபோது மற்ற பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவளுக்குப் பாடம் எடுக்க முன்வந்தவர் பார்பரா ஹென்றி, பாஸ்டனில் இருந்து போன வெள்ளைக்காரப் பெண். வருஷம் முழுக்க வெறும் வகுப்பறையில் அந்த ஒரு குழந்தையோடு மட்டும் உட்கார்ந்து பாடம் நடத்தினார். ரூபி இன்றுவரை அவரைப் பற்றிப் பேசுகிறார். நிறம் ஒன்றாக இருப்பது ஒரு பலம், அதை வேறு யாராலும் ஈடு கட்ட முடியாது. தினமும் தவறாமல் வந்து நிற்பது இன்னொரு பலம், அதை யாரும் தரலாம். பாதியில் விட்டுவிட்டால் மட்டும் தொடங்காமல் இருந்ததைவிட மோசமாகிவிடும், அதனால் இந்த வருஷம் முழுக்க முடியுமா என்று முதலில் உங்கள் அலுவலகக் காலண்டரைப் பாருங்கள்.


மறுமொழி: பஸ்ஸ்டாப்

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூன்று மணிக்கு யார் நேரம் குறித்தார்கள்? பாஸ்டன் போகும் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று விசாரித்தீர்களா? பையைக் கழற்றாததும் கடிகாரத்தைப் பார்த்ததும் உங்களைப் பிடிக்காததால் இருக்காது.


மறுமொழி: வாசல்கோலம்

எல்லோருக்கும் நன்றி. பஸ்ஸ்டாப், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் மெட்கோ ஒருங்கிணைப்பாளரிடம் விசாரித்தேன். பஸ் மூன்றரைக்கு. அதை விட்டால் அடுத்தது ஐந்தேகால், வீட்டுக்குப் போய்ச் சேர ஆறரை ஏழு ஆகும், காலையில் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பிய பையன். நேரம் குறித்தது பள்ளி, சரி என்றது நான், அவனிடம் யாருமே கேட்கவில்லை. இப்போது புதன்கிழமை மத்தியான சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றிவிட்டோம், பதினொன்று நாற்பது. என் மேனேஜரிடம் அந்த ஒரு மணி நேரத்தை ஜூன் வரை காலண்டரில் அடைத்துவிட்டேன்.

இரண்டாவது சந்திப்பு நேற்று. நான் எலுமிச்சை சாதம் கொண்டு போனேன், அவன் கேன்டீன் பீட்ஸா. பை நாற்காலிக்கு அடியில் இருந்தது. ஷூ டிசைன் வரைவானாம், நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுக்க அதுதான், அடிப்பாகம், தையல் எல்லாம் தனித்தனியாக. என் டீமில் ஒருவர் ராக்ஸ்பரியில் வளர்ந்த கறுப்பின இன்ஜினியர், அவரிடம் ஒரு நாள் வர முடியுமா என்று கேட்டேன். தன்னை இப்படி எல்லோரும் கூப்பிடுகிறார்கள், யோசித்துச் சொல்கிறேன் என்றார். திண்ணை அண்ணா சொன்ன அந்தக் கண்ணுக்குத் தெரியாத வரி ஞாபகம் வந்தது, வற்புறுத்தவில்லை. கமிட்டிக் கூட்டம் அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய், பேச பேர் கொடுத்திருக்கிறேன், கை நடுங்கத்தான் செய்யும்.

அப்புறம், விகிதக் கணக்கு அவனுக்குப் பிடிபடவில்லை. நிஜ அளவில் இருந்து கால்பங்கு அளவுக்கு ஷூவை வரைய வைத்துச் சொல்லித் தரலாமா என்று பார்க்கிறேன். சாக்பீஸ், இது சரியாக வருமா?