டிசீஸ் மேப்: ‘நோய்ப்பரவல் வரைபடம்’ பொருந்துமா?

ஐயா,

நோய் எந்தெந்த ஊரில் உள்ளது என்று காட்டும் ‘டிசீஸ் மேப்’புக்குத் தமிழில் முன்வைக்கப்பட்ட ‘நோய்ப்பரவல் வரைபடம்’ வாசிக்க எளிது. ஆனால் அதன் இரண்டு சொல்லுமே இடறுகின்றன. கிராஃபும் வரைபடம், மேப்பும் வரைபடம். கொள்ளைநோய் அறிக்கையில் நாள்வாரி வளைகோடும் ஊர்வாரிப் படமும் அடுத்தடுத்த பக்கங்களில் வரும்; எது எதுவென்று எப்படிச் சொல்வது?

‘பரவல்’ இன்னும் சிக்கல். புள்ளியியலில் ‘இயல்நிலைப் பரவல்’ (நார்மல் டிஸ்ட்ரிபியூஷன்) என்பதில் வரும் ‘பரவல்’ விரவிக் கிடக்கும் நிலை. நோயோடு சேர்ந்தாலோ, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது என்றே காதில் விழும். 1854இல் லண்டன் சோஹோவில் காலரா தாக்கியபோது நேர்ந்த சாவுகளை மருத்துவர் ஜான் ஸ்னோ குறித்த படத்தைப் பாருங்கள். ஒரு சாவுக்கு அந்த வீட்டு வாசலில் ஒரு கருங்கோடு. ஒரே வீட்டில் பலர் இறந்திருந்தால் கோடுகள் அடுக்காக நிற்கும். யார் முதலில் இறந்தார் என்பது அதில் இல்லை. பிராட் தெரு அடிபம்பைச் சுற்றிக் கோடுகள் மொய்க்கின்றன. பக்கத்திலேயே, போலந்து தெரு ஏழையர் விடுதியில் 535 பேர் இருந்தும் 5 பேரே இறந்தார்கள். விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. நோய் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதுதான் அந்தப் படத்தின் உயிர்.

ஆகவே ‘நோயிடப்படம்’ என்பது என் பரிந்துரை. மேப்புக்கு ‘நிலப்படம்’ நல்ல சொல்தான். ஆனால் ‘நோய்நிலப்படம்’ என்றால் ‘நோய்நிலை’ என்று மயங்க வைக்கும்.

—

அம்மா,

‘நோயிடப்படம்’ எனக்கும் சம்மதம். ஆனால் எந்த இடம்? நோயாளி குடியிருக்கும் ஊரா, கிருமி தொற்றிய ஊரா, சோதனை செய்த ஆய்வகமா? ஆய்வக முகவரியை வைத்துக் குறித்தால் பெரிய மருத்துவமனை உள்ள ஊர்தான் சிவந்து நிற்கும். டெங்கு போன்ற நோயென்றால் கொசு ஒழிப்பு ஆட்களும் அங்கேயே போய் இறங்குவார்கள். வதிவிடம், தொற்றிடம், பதிவிடம் என மூன்று சொற்களையும் கூடவே ஏற்றுக்கொள்வோம். படத்தின் குறிவிளக்கத்தில் அவற்றுள் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு பகுதிக்கும் அதன் அளவுக்கேற்ற நிறம் பூசிய மேப்பான ‘கோரோப்ளெத்’துக்குச் சிலர் சொல்லும் ‘நிறப்படம்’ போதாது. வெறும் எண்ணிக்கைக்கு நிறம் பூசினால் மக்கள் அதிகமுள்ள ஊரெல்லாம் கறுத்துவிடும். ‘வீத நிறப்படம்’ என்று வைத்தால், மக்கள்தொகையால் வகுத்தாயா என்று பெயரே கேட்கும். வகுத்தாலும் ஒரு பொறி உண்டு: 500 பேர் வாழும் சிற்றூரில் ஒருவருக்கு நோய் வந்தால் லட்சத்துக்கு 200, இன்னொருவருக்கும் வந்தால் 400. 1,00,000 பேர் வாழும் நகரில் 150 பேர் படுத்திருந்தாலும் லட்சத்துக்கு 150தான்; அது வெளிறித்தான் தெரியும். சிற்றூர்களை அண்டை ஊர்களோடு சேர்த்தோ, சில ஆண்டுக் கணக்கை ஒன்றாக்கியோதான் நிறம் பூச வேண்டும். அந்த வேலைக்கும் ஒரு சொல் தேவை. ‘வீதச் சமனாக்கம்’ சரிவருமா?