கீறலைச் சரிசெய்வதா, ஃபிலிம் ஒட்டுவதா? பெங்களூரில் நாலு வருஷ காருக்கு எது சரி?

கேஆர்புரம்_வெற்றி

நாலு வருஷம் ஓடிய கார், அடர்நீல மெட்டாலிக். தினமும் அவுட்டர் ரிங் ரோடு, அவ்வப்போது ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சேலம். முன் பம்பரின் இடது மூலை பார்க்கிங் தூணில் உரசி, பெயின்ட் போய்க் கறுப்பு பிளாஸ்டிக் தெரிகிறது. பானெட்டில் கல் தெறித்து மூன்று புள்ளி, அதில் ஒன்று துரு நிறத்துக்கு வந்துவிட்டது. இது போக, வெயிலில் நிறுத்தினால் வண்டி முழுக்க வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள்.

பெயின்ட் ஷெட்காரர் பம்பரும் பானெட்டும் பெயின்ட் அடித்து, முழு வண்டிக்கும் மேல் அடுக்கைத் தேய்த்துக் கீறலை எடுக்கும் ரப்பிங் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்கிறார். டீடெயிலிங் (வண்டியை மெருகேற்றும்) கடைக்காரர், பெயின்ட் எல்லாம் எதற்கு, பாலிஷ் போட்டு மேலே செராமிக் (பெயின்ட் மேல் தடவும் திரவக் கோட்டிங்) அடித்துவிடலாம், காசு இருந்தால் பிபிஎஃப் (பெயின்டைக் காக்கும் ஒட்டு ஃபிலிம்) ஒட்டலாம் என்கிறார். என் கையில் இருப்பது நாற்பதாயிரம். இன்னும் நாலைந்து வருஷம் இதே வண்டிதான். யார் சொல்வதைக் கேட்பது?

டிங்கரிங்_பாபு

துருவை வைத்துக்கொண்டு கோட்டிங் பற்றி யோசிக்கவே கூடாது வெற்றி. பம்பர் பிளாஸ்டிக், அது எந்தக் காலத்திலும் துருப்பிடிக்காது. பார்க்க அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். பானெட் அப்படி இல்லை, தகரம். கல் பட்டு அடிப்பூச்சான பிரைமரும் போய்விட்டால் ஈரம் உள்ளே இறங்கி, பெயின்டுக்கு அடியிலேயே துரு பக்கவாட்டில் பரவும். மேலே எந்தத் திரவத்தைத் தடவினாலும் அது நிற்காது. தேய்த்துத் துருவை எடுத்து, பிரைமர் வைத்து, பானெட்டை முழுசாக அடித்துவிடுங்கள். மெட்டாலிக் கலரில் பாதி பேனல் மட்டும் அடித்தால் ஒட்டு தெரியும். பம்பரையும் கூடவே முடித்துவிடலாம்.

செராமிக் கடைகளில் ‘9ஹெச்’ என்று பெரிதாகப் போர்டு இருக்கும். வைரத்துக்கு அடுத்த கடினம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது பென்சிலால் கிழித்துப் பார்க்கும் சோதனையின் அளவு. 9ஹெச் பென்சில் அதைக் கிழிக்காது, சரி. சாவியும் ஜல்லிக்கல்லும் பென்சில் இல்லையே.

மைக்ரான்_சாந்தி

துருவை எடுக்க வேண்டும் என்பதில் பாபு அண்ணனோடு எனக்குச் சண்டை இல்லை. மூன்று புள்ளிக்காக முழு பானெட்டையும் தேய்க்கச் சொல்கிறார் பாருங்கள், அங்கேதான் சண்டை.

கம்பெனியில் பெயின்ட் அடிக்கும்போது வண்டி வெறும் கூடு. ஒயர், ரப்பர், சீட் எதுவும் இருக்காது. அந்தக் கூட்டை முதலில் பிரைமர் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலை முடுக்கெல்லாம் படியவைக்கிறார்கள். மேல் பெயின்டைச் சுமார் 140 டிகிரியில் சுடுகிறார்கள். ஷெட்டில் வண்டி முழுசாக நிற்கும், அந்தச் சூடு கொடுத்தால் வயரெல்லாம் உருகிவிடும். அதனால் நல்ல பூத்திலேயே (பெயின்ட் அடிக்கும் மூடிய அறை) 60 டிகிரி அளவுதான். பூத்தே இல்லாமல் தார்ப்பாய் கட்டி, ரோட்டுத் தூசியோடு அடிக்கிற ஷெட்டுகளும் இந்த ஊரில் இருக்கின்றன.

ஒரிஜினல் பெயின்ட் எல்லாம் சேர்ந்தே 100 முதல் 140 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் அதில் 40 சொச்சம். நம் தலைமுடியே ஏறக்குறைய 70 மைக்ரான் வரும். அதை ஏன் தேய்த்து எறிய வேண்டும்? துருப் புள்ளியை மட்டும் சுரண்டி, மிச்சத் துருவை அடக்கும் ரஸ்ட் கன்வெர்ட்டர் வைத்து, பிரைமர், அதன் மேல் புள்ளிக்கு மட்டும் கலர் வைக்கும் டச்சப் பேனா, கடைசியில் ஒரு சொட்டு கிளியர். கலர் கோடு, அதாவது நிறக் குறியீடு, கதவுத் தூணிலோ பானெட்டுக்கு உள்ளேயோ ஒட்டியிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். குனிந்து தேடினால் தெரியும், நின்று பார்த்தால் தெரியாது.

பிறகு முன்பக்கத்துக்கு மட்டும் பிபிஎஃப். நல்ல டிபியூ (நெகிழும் ஒருவகைப் பிளாஸ்டிக்) ஃபிலிம் 150 முதல் 200 மைக்ரான், அதாவது மொத்த பெயின்டைவிடவே தடிமன். செராமிக் ஓரிரு மைக்ரான் சமாச்சாரம். ஓசூர் ரோட்டில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போகிறவருக்குக் கல்லடியைத் தாங்குவது ஃபிலிம் ஒன்றுதான்.

டிங்கரிங்_பாபு

சாந்திம்மா, ஹார்ட்னர் (இறுக்கும் திரவம்) கலந்த டூ-கே பெயின்ட் 60 டிகிரியிலேயே முழுசாக இறுகும். நீங்கள் சொல்வதைக் கேட்டால் இடிபட்டு ஷெட்டுக்கு வந்துபோன வண்டியெல்லாம் உரிந்து நிற்க வேண்டும். நிற்கிறதா? வண்டி முழுக்க நல்ல பிபிஎஃப் என்றால் லட்சத்தைத் தாண்டலாம். அந்தக் காசில் பானெட்டை எத்தனை தடவை அடிக்கலாம் என்று கணக்குப் போடுங்கள். அதுவும் ஃபிலிமுக்கு ஆயுள் உண்டு. சில வருஷத்தில் மங்கும், ஓரத்தில் அழுக்குக் கோடு பிடிக்கும், உரித்தெடுக்க மறுபடி காசு.

வண்டி_ஓட்டத்தான்

இரண்டு பேரும் முன்பக்கத்தையே பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள். வட்ட வட்டக் கீறல் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. வெற்றி, உங்கள் அபார்ட்மென்டில் காலையில் வந்து வண்டி துடைக்கிறவர் உண்டா? ஒரே பக்கெட், ஒரே துணி, வரிசையாகப் பத்துப் பதினைந்து வண்டி? அப்படியானால் முதல் வண்டியின் மண் கடைசி வண்டியில் தேய்கிறது. மெட்ரோ வேலை நடக்கும் ரோடுகளில் ஓடும் வண்டி மேல் இருப்பது சாதாரணத் தூசி கிடையாது, சிமென்டும் மணலும். அதை உலர்ந்த துணியால் துடைப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான்.

இது மாறாமல் என்ன செய்தாலும் வீண். பாலிஷ் போட்டால் சில மாதங்களிலேயே பழைய கதைக்கு வந்துவிடும். செராமிக் அடித்தால் அந்தக் கீறல் செராமிக் மேல் விழும்.

அப்புறம் தண்ணீர். 2024 கோடையில் பெங்களூர் குடிநீர் வாரியம், குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது ஞாபகம் இருக்கும். காவிரித் தண்ணீர் வண்டிக்குக் கிடைக்காது, நியாயமும் இல்லை. எஞ்சியது போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும். இரண்டிலும் சுண்ணாம்பு உப்பு. கோட்டிங் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், வீடியோவில் பார்க்க அழகு. அந்த முத்தை வெயிலில் காயவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை வட்டமாகப் படியும். செராமிக் போட்டவர்கள் கழுவியதும் உடனே துடைத்தாக வேண்டும், இதைக் கடையில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

கேஆர்புரம்_வெற்றி

துடைக்கிறவர் உண்டு, ஒரே பக்கெட்தான், தண்ணீரும் டேங்கர்தான். இன்னொரு சந்தேகம்: பம்பர் பெயின்டை இன்சூரன்ஸில் போட்டால் என்ன? தேய்மானம் கழிக்காமல் தரும் ஜீரோ டெப் கிடையாது. இதுவரை ஒரு க்ளெய்மும் போட்டதில்லை.

பாலிசி_அண்ணாச்சி

போடாதீங்க தம்பி. பெயின்ட் பில்லில் மெட்டீரியல் பங்கு 25 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு, அதில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். அது பெரிய தொகை இல்லை. 1500 சிசி வரை உள்ள காருக்கு நாம் கையிலிருந்து போடவேண்டிய கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய், அதற்கு மேல் என்றால் 2,000. அதையும் தாங்கிக்கொள்ளலாம். இடி விழுவது நோ க்ளெய்ம் போனஸில், அதாவது க்ளெய்ம் போடாதவருக்குக் கிடைக்கும் பிரீமியக் கழிவில். நாலு வருஷம் க்ளெய்ம் இல்லாவிட்டால் 45 சதவீதம் கழிவு, அடுத்த வருஷம் 50. ஒரு பம்பருக்காகப் போட்டால் அடுத்த ரினியூவலில் அது பூஜ்யம், திரும்ப 20-ல் இருந்து ஏற வேண்டும். பானெட் துருவை அவர்கள் தேய்மானம் என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள், அதைக் கேட்கவே வேண்டாம்.

அல்சூர்_ஐ20

பாதி விலைக்கு பிபிஎஃப் என்று யாராவது சொன்னால் ஃபிலிம் ரோல் டிபியூவா, மலிவான பிவிசி பிளாஸ்டிக்கா என்று கேளுங்கள். பிவிசி சீக்கிரம் மஞ்சளாகும், நல்ல டிபியூ போலச் சூட்டில் மெல்லிய கீறல் தானாக ஆறவும் ஆறாது. வாரன்டி கார்டில் ரோல் நம்பர் இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மைக்ரான்_சாந்தி

வண்டி_ஓட்டத்தான் சொன்னதில் ஒரு பாதிக்கு மறுப்பு. தண்ணீர்க் கறை உண்மை. ஆனால் வெற்றி மரத்தடியில் நிறுத்துகிறவராக இருந்தால் கோட்டிங் வீண் கிடையாது. பறவை எச்சத்தில் அமிலம் இருக்கிறது. வெயிலில் சூடேறிய கிளியர் கோட்டில் அது தழும்பு போட்டுவிடும். கோட்டிங் இருந்தால் கழுவி எடுக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

பாபு அண்ணனுக்கு: விற்கும்போது என்ன ஆகும்? இப்போது பழைய கார் எடுக்கிறவர்கள் பெயின்ட் தடிமன் மீட்டரை வைத்துப் பார்க்கிறார்கள். கூரையில் 110 மைக்ரான், பானெட்டில் 250 என்று காட்டினால் முதல் கேள்வியே “எங்கே இடித்தீர்கள்?” என்பதுதான். துருப் புள்ளிக்காக அடித்தேன் என்றால் யார் நம்புவார்? ஷெட் ரப்பிங்கும் வேண்டாம் வெற்றி. கரடான கம்பவுண்டை (தேய்க்கும் பசை) கம்பளி பேடில் வைத்து ஓட்டினால் கிளியர் கோட்டுதான் கரையும். வெயிலைத் தாங்கும் சரக்கே அதில்தான் இருக்கிறது.

டிங்கரிங்_பாபு

மீட்டர் விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். பழைய கார் கம்பெனிக்காரர்கள் அதை வைத்தே விலையைக் குறைக்கிறார்கள். ஆனால் பாலிஷைப் பற்றி இவ்வளவு பயமுறுத்த வேண்டாம். ஃபோம் பேடில், நைஸ் கம்பவுண்டில் ஒருமுறை ஓட்டினால் போவது சில மைக்ரான். நாலு வருஷ வண்டிக்கு ஒருமுறை தாங்கும். வருஷா வருஷம் போட்டால்தான் தப்பு. ஆழமான கீறலை விட்டுவிடச் சொல்லுங்கள், நகத்தில் தட்டுகிற கீறல் பாலிஷில் போகாது.

கேஆர்புரம்_வெற்றி

சரி, இப்படி வைத்துக்கொள்கிறேன். பானெட்டுக்கு டச்சப் மட்டும், இந்த வாரமே. பம்பர் ஷெட்டில் பெயின்ட். ஃபோம் பேடில் ஒரு பாலிஷ், செராமிக் இப்போதைக்கு இல்லை. தினமும் காலையில் துடைப்பது நிறுத்தம், துடைக்கிறவருக்கு மாதச் சம்பளம் அப்படியே, இரண்டு பக்கெட்டும் மைக்ரோஃபைபர் துணியும் நானே வாங்கிக் கொடுத்து வாரம் ஒருமுறை கழுவச் சொல்கிறேன். மிச்சக் காசில் பானெட்டுக்கும் பம்பருக்கும் ஃபிலிம். பம்பர் பெயின்ட் அடித்த அன்றே ஒட்டலாமா?

மைக்ரான்_சாந்தி

கூடவே கூடாது. புது பெயின்டிலிருந்து கரைப்பான் ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும், ஒரு மாதமாவது விடுங்கள். பானெட்டுக்கு முதலில் ஒட்டிக்கொள்ளலாம், டச்சப் நன்றாகக் காய்ந்த பிறகு.

டிங்கரிங்_பாபு

பம்பருக்கு ஃபிலிம் வேண்டாம் என்பேன் இன்னமும். மறுபடி அடித்த பெயின்டில் ஒட்டிய ஃபிலிமை உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து வரும் அபாயம் உண்டு. அதுவும் பிளாஸ்டிக்கில் பிடிமானப் பிரைமர் போடாமல் அடித்திருந்தால் தாள் மாதிரி வரும். உரசினால் மறுபடி அடித்துக்கொள்ளுங்கள், அது பம்பர்தானே. பானெட்டில் ஒட்டுவது உங்கள் இஷ்டம். ஃபிலிமை மெஷினில் வெட்டி எடுத்து வருவார்களா, வண்டி மேல் விரித்து பிளேடால் வெட்டுவார்களா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். பிளேடு தடம் கிளியர் கோட்டில் விழுந்தால் அதற்கும் கடைசியில் ஷெட்டுக்குத்தான் வருவீர்கள்.