நான் அருகில் இல்லாதபோதும் வேலை ஒழுங்காக நடக்க எந்தத் தலைமை முறை பொருந்தும்?

கேள்வி:
அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கார் உதிரிபாகங்களைக் கடையும் ஒரு ஆலையில் ஒன்பது ஆண்டுகள் சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் மெஷின்) ஆபரேட்டராக இருந்த நான், இரண்டு மாதங்களுக்கு முன் இரவு ஷிப்டின் சூப்பர்வைசராகப் பொறுப்பேற்றேன். முன்பிருந்தவர் அதட்டியே வேலை வாங்கியவர். அது எனக்குப் பிடிக்காததால், எதையும் பதினான்கு பேரிடமும் கலந்து பேசியே முடிவு செய்தேன். சென்ற வாரம் நான் ஸ்டோருக்குப் போய்த் திரும்புவதற்குள், இன்சர்ட் (உலோகத்தைச் சீவும் வெட்டுமுனை) தேய்ந்த பிறகும் மெஷினை நிறுத்தாமல் ஓட்டியதில் நாற்பது பீஸ் ரிஜெக்ட் ஆகிவிட்டது. ஓட்டியவர் சேர்ந்து ஆறு மாதமே ஆன பயிற்சியாளர். "நீங்க வந்ததும் கேக்கலாம்னு இருந்தேன்ண்ணா" என்றார். நானும் அதட்டத்தான் வேண்டுமா?

பதில் 1 (மனிதவளத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்):
வேண்டாம். உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடைய சகாக்களும் 1939இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வயதுச் சிறுவர்களின் கைவினைக் குழுக்களை மூன்று விதமான தலைவர்களின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். கட்டளையிட்டே நடத்திய தலைவர் அறையை விட்டு வெளியேறியதும் வேலை சட்டென்று குறைந்தது. கலந்து பேசி நடத்தியவரின் குழுவோ பெரும்பாலும் அப்படியே தொடர்ந்தது. எதிலும் தலையிடாமல் விட்ட மூன்றாமவரின் குழுவில் வேலை சரியாக நடக்கவில்லை. நீங்கள் இரண்டாவது வழியில் தொடங்கி, உங்களை அறியாமலேயே மூன்றாவதற்கு நழுவியிருக்கிறீர்களோ என்று யோசித்துப் பாருங்கள்.

பதில் 2 (ஒரகடத்தில் அசெம்பிளி லைன் லீடர்):
ஐயா சொல்வது சரியே. ஆனால் பதினான்கு பேருக்கும் ஒரே முறை என்பதில் எனக்கு உடன்பாடில்லை. மேலாண்மை அறிஞர்கள் ஹெர்சியும் பிளான்சர்டும் 1969இல் முன்வைத்த கருத்தின்படி, வேலை தெரியாதவருக்குத் தெளிவாகச் சொல்லித்தர வேண்டும். தெரிந்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். இன்சர்ட்டை எத்தனை பீஸுக்கு ஒருமுறை மாற்றுவது என்பது ஆறு மாதப் பயிற்சியாளரிடம் கருத்துக் கேட்கும் விஷயமல்ல. எண்ணைச் சொல்லி, மெஷின் மேலேயே எழுதி ஒட்ட வேண்டியது. அதே சமயம், யாரையும் கேட்காமல் மெஷினை நிறுத்தும் உரிமை அவருக்கு உண்டு என்பதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். டொயோட்டா ஆலைகளில் கோளாறைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ லைனையே நிறுத்தலாம். நிறுத்தியவரை அன்று நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்பதைத்தான் மற்ற பதின்மூன்று பேரும் பார்ப்பார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு டீ இடைவேளையில் அந்தத் தம்பியிடம் தனியாகப் பேசினேன். பன்னிரண்டாவது பீஸிலேயே சத்தம் மாறியதைக் கவனித்திருக்கிறார். சேர்ந்த புதிதில் ஒருமுறை மெஷினை நிறுத்தியதற்காக எல்லோர் எதிரிலும் திட்டு வாங்கியவர், அதனால்தான் கை போகவில்லை என்றார். நான் அதட்டாவிட்டாலும், பழைய அதட்டல் ஷிப்டில் இன்னும் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நிறுத்தும் உரிமையை இன்று ஷிப்ட் தொடங்கும்போதே அறிவிக்கப் போகிறேன்.