73939133-க்குப் பின்னால் ஒன்பதாவது இலக்கம் ஏன் நிற்காது?

கல்லடி அம்மா:
மகள் பத்தாம் ஆண்டு. சனிக்கிழமை பின்னேரம் கல்லடிக் கடற்கரையில் ஈர மணலில் ஒரு குச்சியால் 73939133 என்ற முதன்மை எண்ணை (1-ஆலும் தன்னாலும் மட்டும் வகுபடுவது) எழுதிக் காட்டினேன். கடைசி 3 அலைப்பக்கம். முதல் அலை அந்த 3-ஐக் கொண்டுபோனது. மிச்சம் 7393913, அதுவும் முதன்மை எண். அடுத்த அலை இரண்டு இலக்கத்தை ஒன்றாக அள்ளியது. 73939, அதுவும் முதன்மை எண்தான். அப்படியே 7393, 739, 73, 7 வரைக்கும்.

மகள் விடவில்லை. "அப்ப பின்னால இன்னொரு இலக்கம் சேர்த்து எழுதுங்கம்மா" என்றாள். வலப்பக்கத்தால் ஒவ்வொரு இலக்கமாக அழித்தாலும் முதன்மை எண்ணாகவே நிற்கிற வகையில் இதுதான் மிகப் பெரியது, இனிச் சேராது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள், பதில் இல்லை.

இரவு கொப்பியில் போட்டுப் பார்த்தேன். இரட்டை இலக்கமும் 5-உம் சரிவராது. மிச்சம் 1, 3, 7, 9. எட்டு இலக்கத்தின் கூட்டுத்தொகை 38. 1 சேர்த்தால் 39, 7 சேர்த்தால் 45, இரண்டும் 3-ஆல் வகுபடும். ஆனால் 3-உம் 9-உம் அப்படிப் போகவில்லை. 739391333-ஐ 100-க்கு உட்பட்ட எல்லா முதன்மை எண்ணாலும் வகுத்தேன், மீதி வந்துகொண்டே இருக்கிறது. எங்கே பிழை விட்டேன்?

காரைதீவு ஆசிரியர் (ஓய்வு):
பிழை ஒன்றும் இல்லை, தங்கச்சி. கொஞ்சம் முந்தி நிறுத்திவிட்டீர்கள். 100-க்கு மேல் ஆறாவது முதன்மை எண் 127. 127 × 5821979 = 739391333. பெருக்கிப் பாருங்கள். 739391339-உம் வகுபடும்தான், ஆனால் அதைக் கையால் தேடாதீர்கள், கணினியிடம் விடுங்கள்.

உங்கள் 38-ஐ இன்னும் கிட்டப் பாருங்கள். அதை 3-ஆல் வகுத்தால் மீதி 2. மீதி 2 ஆனதும் 1-க்கும் 7-க்கும் கதவு பூட்டு, அதற்குப் பிறகு 3-உம் 9-உம் மட்டும்தான் வரலாம். 73939 வரைக்கும் மீதி 1. அதற்குப் பின் அந்த ஒரேயொரு 1 வந்ததும் மீதி 2 ஆகிவிட்டது. அதன் பின் வந்த இரண்டு இலக்கமும் 3-தான்.

இதோடு வேலை முடியாது. இதே குணமுள்ள எட்டு இலக்க எண்கள் மொத்தம் ஐந்து: 23399339, 29399999, 37337999, 59393339, அப்புறம் உங்களுடையது. ஐந்துக்கும் மீதி 2-தான். ஆகவே சோதிக்க வேண்டியவை பத்து எண்கள். பத்தும் வகுபட்டுவிடும். அதனால்தான் இது மிகப் பெரியது.

அக்கரைப்பற்று மாணவன்:
இந்தக் குணமுள்ள எண்கள் ஓரிலக்கத்தில் 4, ஈரிலக்கத்தில் 9, இப்படியே 14, 16, 15, 12, 8, கடைசியில் 5. கூட்டினால் 83. நாலாவது படியோடு குறையத் தொடங்கிவிடுகிறது. அன்ரி, இடப்பக்கத்தால் அழித்தாலும் முதன்மை எண்ணாகவே இருக்கிற எண்களும் உண்டு. அவற்றில் பெரியது 357686312646216567629137. அதில் சைபர் வரக்கூடாது என்பது விதி.

கல்லடி அம்மா:
சேர், 127-ஐ மகளே பெருக்கினாள், சரியாக வந்தது. அந்த 1-ஐச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். நான் இத்தனை நாளும் அதைச் சும்மா ஒரு இலக்கம் என்றுதான் பார்த்தேன்.

தம்பி, உங்கள் எண்ணை எண்ணிப் பார்த்தேன், 24 இலக்கம். முதல் 3-ஐ அலைப்பக்கம் வைத்து எழுத வேண்டும். இலக்கத்துக்கு ஒரு முழம் விட்டாலும் 24 முழம் ஈர மணல் வேணும். வற்று நேரம் பார்த்துப் போகிறோம்.